டிரஃபால்கர்: 40 நிமிடம் அடி வாங்கத் துணிந்த கணக்கு

சென்ற இதழில் டிரஃபால்கர் கடற்போர் பற்றி எழுதியிருந்தோம். படிக்காதவர்களுக்காக நாலு வரி: 1805 அக்டோபர் 21, திங்கட்கிழமை. ஸ்பெயினின் தென்மேற்குக் கரையில், காடிஸ் துறைமுகத்துக்கும் ஜிப்ரால்டர் நீரிணைக்கும் நடுவே டிரஃபால்கர் முனை. ஒரு பக்கம் அட்மிரல் நெல்சனின் 27 பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள். எதிரே பிரெஞ்சு அட்மிரல் வில்னவ் தலைமையில் 18 பிரெஞ்சு, 15 ஸ்பானியக் கப்பல்கள், ஆக 33. பொழுது சாய்வதற்குள் அந்த 33-இல் 17 பிடிபட்டன, ஒன்று எரிந்து போனது. பிரிட்டிஷ் தரப்பில் ஒரு கப்பல்கூடப் போகவில்லை. போன உயிர்கள் சுமார் 450. அதில் ஒன்று நெல்சனுடையது. வந்த கடிதங்களில் தேர்ந்தெடுத்தவை இங்கே.

எதிரிக் கப்பல்கள் பக்கவாட்டைக் காட்டி வரிசையாக நிற்க, நெல்சன் மூக்கைக் கொடுத்து நேராகப் போனார் என்று எழுதியிருந்தீர்கள். இதற்குப் பெயர் வீரமா, தற்கொலையா?
– கோவில்பட்டி வாசகர்

உங்கள் சந்தேகம் அந்தக் காலத்துக் கேப்டன்களுக்கும் இருந்திருக்கும். பாய்மரப் போர்க்கப்பலில் பீரங்கிகள் எல்லாம் இரண்டு விலாவிலும்தான். அணியத்தில், அதாவது மூக்குப் பக்கத்தில், பெயருக்கு ஒன்றிரண்டு. நேராகப் போகிற கப்பல் பதிலுக்குச் சுட முடியாது. எதிரியோ தன் முழு விலாவையும் திருப்பிச் சுடலாம். அதோடு, முன்பக்கமாக நுழைந்த குண்டு கப்பலின் நீளம் முழுக்க ஓடி, வழியில் நிற்கிறவர்களை எல்லாம் வாரிக்கொண்டு போகும். அதனால்தான் இரண்டு கடற்படைகளும் இணையாக வரிசை கட்டி, எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வது வழக்கம். அதில் ஆபத்து குறைவு. ஆனால் முடிவும் பிறக்காது. தோற்கிறவன் காற்றைப் பிடித்து நழுவிவிடுவான்.

நெல்சனுக்கு வேண்டியது நழுவ முடியாத எதிரி. அதற்கு என்ன விலை என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அன்று காற்று மேற்கு-வடமேற்கிலிருந்து, மிக மெல்லியது. கப்பல்கள் போனது மணிக்கு இரண்டு, மூன்று கடல் மைல். நாம் கடைத்தெருவுக்கு நடந்து போகிற வேகம். குண்டு எட்டுகிற தூரத்தை அந்த வேகத்தில் கடக்க ஏறக்குறைய 40 நிமிடம். அந்த 40 நிமிடமும் வாயை மூடிக்கொண்டு அடி வாங்க வேண்டும்.

அடி எவ்வளவு பலமாக விழும்? இங்கேதான் மூன்று சங்கதிகள் அவர் பக்கம் நின்றன. பல மாதம் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்த எதிரிக் கப்பல்களில் பீரங்கிக்காரர்களுக்குக் கடலில் சுட்டுப் பழக்கம் போதாது. இரண்டாவது, மேற்கிலிருந்து பெரிய அலை புரண்டு வந்துகொண்டிருந்தது. புயலுக்கு முந்திய அலை அது. பக்கவாட்டைக் காட்டி நின்ற கப்பல்களை அது தொட்டில்போல் ஆட்ட, பீரங்கி வாய் ஒரு கணம் வானத்தையும் மறு கணம் தண்ணீரையும் பார்த்தது. பின்னாலிருந்து அலையை வாங்கி வந்த பிரிட்டிஷ் கப்பல்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது, பாயையும் பாய்மரத்தையும் குறிவைத்துச் சுடுவது பிரெஞ்சு வழக்கம். அதில் கப்பல் முடமாகும், ஆட்கள் அதிகம் சாக மாட்டார்கள்.

அடி வாங்கும் நேரத்தைக் குறைக்கவும் ஏற்பாடு செய்தார். சண்டைக்குள் நுழையும்போது பாய்களைச் சுருக்குவது வழக்கம். இவர் ஓரப் பாய்கள் உட்பட எல்லாவற்றையும் விரித்துக்கொண்டு போனார். ஒரே நீள வரிசைக்குப் பதில் இரண்டு குட்டை வரிசைகள்: ஒன்றில் 12 கப்பல், தானே முன்னால். மற்றதில் 15, முன்னால் அவருக்கு அடுத்த தளபதி காலிங்வுட். பயணம் போகிற வரிசையே போர் வரிசை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டதால், எதிரியைக் கண்டபின் அணிவகுக்க ஒரு நிமிடமும் வீணாகவில்லை.

இத்தனைக்கும் பிறகு நெல்சன் ஏறியிருந்த ‘விக்டரி’ கப்பல் அடியிலிருந்து தப்பவில்லை. திருப்பிச் சுடுவதற்கு முன்பே சுமார் 50 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். நெல்சனின் செயலாளர் ஜான் ஸ்காட் குண்டடிபட்டு அங்கேயே இறந்தார். சுக்கான் சக்கரம் தூள். கீழ்த்தளத்தில் 40 பேர் சேர்ந்து சுக்கான் தண்டைக் கையாலேயே தள்ளிக் கப்பலைத் திருப்ப வேண்டியிருந்தது.

வரிசைக்குள் நுழைந்தவுடன் கணக்கு தலைகீழானது. வில்னவின் ‘பூசான்டோர்’ கப்பலின் பின்புறத்தை விக்டரி உரசுகிற தூரத்தில் கடந்தது. பாய்மரக் கப்பலில் பின்புறம்தான் பலவீனமான இடம். விலாவில் இரண்டடி கனத்துக்கு ஓக் மரம். பின்னாலோ அதிகாரிகள் அறையின் கண்ணாடி ஜன்னல்கள். விக்டரியின் முன்தளத்தில் இருந்த 68 ராத்தல் குண்டு போடும் குட்டைப் பீரங்கியில் ஓர் உருண்டைக் குண்டும் அதன்மேல் 500 துப்பாக்கிச் சன்னங்கள் அடைத்த பீப்பாயும். முதலில் அது அந்த ஜன்னல் வழியே போனது. பிறகு ஒவ்வொரு பீரங்கியாக, இரண்டும் மூன்றும் குண்டு போட்டு, கடக்கக் கடக்கச் சுட்டார்கள். விலாவில் சுட்டால் ஒரு பீரங்கியையும் அதன் ஆட்களையும் கெடுக்கிற குண்டு, பின்னாலிருந்து போனால் ஒரு தளம் முழுக்கப் பெருக்கித் தள்ளும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நடுவில் வெட்டியதால், எதிரி வரிசையின் முன்னால் போன கப்பல்கள் சண்டையை விட்டு விலகி ஓடிக்கொண்டிருந்தன. திரும்பி வர அவர்களுக்கும் காற்று வேண்டுமே! அதுவரை மீதி இருபத்துச் சொச்சத்தைத்தான் 27 கப்பல்கள் சந்தித்தன. தற்கொலை என்று சொல்ல மாட்டோம். ஆனால் நல்ல காற்றடிக்கும் நாளில், தேர்ந்த பீரங்கிக்காரர்களுக்கு எதிரே இதையே செய்திருந்தால் உங்கள் சொல்தான் பொருந்தியிருக்கும்.

பிரிட்டிஷார் வேகமாகச் சுட்டதால் ஜெயித்தார்கள் என்கிறீர்கள். பீரங்கியைக் கெட்டிப்பதில் அப்படி என்ன வேகம், தாமதம்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– சிவகாசி வாசகர்

மருந்து தெரிந்த ஊரிலிருந்து வந்த கேள்வி, விவரமாகவே சொல்வோம். விக்டரியின் கீழ்த்தளத்தில் இருந்த 30 பீரங்கிகளும் 32 ராத்தல் ரகம். குண்டு ஒன்று 14.5 கிலோ. பீரங்கி ஒன்பதரை அடி நீளம், இரண்டே முக்கால் டன் எடை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்ற ஜோடிக்குச் சுமார் 14 பேர் கொண்ட ஒரே குழு.

சுட்டவுடன் பீரங்கி பின்னால் உதைத்து உள்ளே வரும். பின்புறத்தைச் சுற்றிக் கப்பல் சுவரில் கட்டிய தடித்த வடம் அதை நிறுத்தும். முதல் வேலை, மேலே உள்ள பற்றுத்துளையைக் கட்டைவிரலால் அடைப்பது. அடைத்தால்தான் குழாய்க்குள் காற்று ஓடாது, உள்ளே கனலும் துணுக்குகள் மீண்டும் பற்றாது. அடுத்து, ஈரப் பஞ்சுக் கழியை உள்ளே விட்டுத் திருகித் துடைப்பார்கள். பிறகு மருந்துப் பை: கம்பளித் துணியில் தைத்தது, 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கழியால் தள்ளிக் கெட்டிப்பார்கள். பின் பழங்கயிற்று அடைப்பு, குண்டு, மறுபடி அடைப்பு. இரண்டாவது அடைப்பு இல்லாவிட்டால் கப்பல் சாயும்போது குண்டு உருண்டு கடலில் விழும்.

இதற்குப் பிறகுதான் முதுகு ஒடிகிற வேலை. கயிறும் கப்பியும் பிடித்து மொத்தப் பீரங்கியையும் இழுத்து, ஜன்னலுக்கு வெளியே வாய் நீட்டும்படி நிறுத்த வேண்டும். பற்றுத்துளை வழியே ஊசிக்கம்பியால் மருந்துப் பையைக் குத்திக் கிழித்து, மருந்து நிரப்பிய இறகுக்குழலைச் செருக வேண்டும். குழுத் தலைவன் பின்னால் எட்டி நின்று, குறி பார்த்து, சக்கிமுக்கிக் கல் விசையின் கயிற்றைச் சுண்டுவான்.

தேர்ந்த குழு இத்தனையையும் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடும். எதிர்த்தரப்புக்கு அதைப்போல இரண்டு மடங்கு, சில கப்பல்களில் அதற்கும் மேல். முக்கியக் காரணம் பயிற்சி. அடுத்தது அந்த விசை. திரியை வைத்துப் பற்றவைத்தால், நெருப்பு இறங்கி மருந்து வெடிப்பதற்குள் கப்பல் அலையில் ஆடி, குறி தப்பிவிடும். விசை இழுத்தால் அனேகமாக உடனே வெடிக்கும். ஆட்டத்தின் எந்தக் கணத்தில் சுடுவது என்பது தலைவனின் கையில் இருக்கும்.

கெடுவது எங்கே? அவசரத்தில் துடைப்பதை ஒப்புக்குச் செய்தால் மிஞ்சிய கனல் அடுத்த பையைப் பற்றவைக்கும். கழி பிடித்தவனின் கை போய்விடும். நேரம் ஆக ஆகக் குழாய் சூடேறி, பீரங்கி மேலே துள்ளி உதைக்க ஆரம்பிக்கும். வடம் நைந்திருந்தால் இரண்டே முக்கால் டன் இரும்பு தளத்தில் அவிழ்த்துவிட்ட எருதுதான். புகையில் எதிரில் நிற்பது எந்தக் கப்பல் என்றே தெரியாது. மருந்துக் கிடங்கிலிருந்து பைகளை மூடிபோட்ட பெட்டியில் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தவர்களில் சிறுவர்களும் உண்டு. கிடங்குக்குள் விளக்கே கிடையாது. பக்கத்து அறையில் விளக்கை வைத்து, கண்ணாடி வழியே வெளிச்சம் மட்டும் அனுப்புவார்கள். உள்ளே வேலை பார்க்கிறவர்களுக்குக் கம்பளிச் செருப்பு. உங்கள் ஊர்ப் பட்டாசு ஆலைகளின் எச்சரிக்கைப் பலகைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் குண்டு எப்போதும் லாபம் என்று நினைக்காதீர்கள். அதே மருந்துக்கு எடை கூடுவதால் வேகம் குறையும், தூரம் குறையும். கைக்கு எட்டுகிற தூரத்தில் மட்டுமே அது ஆயுதம். அதனால் முதல் சுற்றை இரட்டையாகக் கெட்டித்து, நெருங்கும்வரை சுடாமல் வைத்திருப்பார்கள். ஆற அமரக் கெட்டித்த முதல் சுற்றுதான் எந்தச் சண்டையிலும் சுத்தமான சுற்று.

‘ஒவ்வொருவரும் கடமையைச் செய்வார்கள் என இங்கிலாந்து எதிர்பார்க்கிறது’ என்று கொடி ஏற்றினாராமே. கொடியில் எப்படி இவ்வளவு நீள வாக்கியம்?
– பாளையங்கோட்டை வாசகர்

சொல்லுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு கொடிக்கோவை. பாப்ஹம் என்ற அதிகாரி தொகுத்த குறிச்சொல் அகராதி எல்லாக் கப்பலிலும் இருந்தது. 253 என்று மூன்று கொடி ஏறினால் ‘இங்கிலாந்து’, 269 என்றால் ‘எதிர்பார்க்கிறது’. இப்படி 863, 261, 471, 958, 220, 370.

நெல்சன் முதலில் சொன்னது ‘எதிர்பார்க்கிறது’ அல்ல, ‘நம்புகிறது’. கொடி அதிகாரி பாஸ்கோ, “அந்தச் சொல் அகராதியில் இல்லை, எழுத்தெழுத்தாக ஏற்ற வேண்டும், மாற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்டார். ஆங்கிலத்தில் அது எட்டு எழுத்து, எட்டு முறை ஏற்றி இறக்க வேண்டும். நெல்சன் ஒப்புக்கொண்டார். அன்பாகத் தொடங்கியது அதட்டலாக மாறியது இப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், ‘கடமை’ என்ற சொல்லும் அந்தக் கடற்படை அகராதியில் இல்லை. அதை மட்டும் 4, 21, 19, 24 என்று நான்கு எழுத்தாகக் கோத்தார்கள். மொத்தம் 12 கோவை.

“நெல்சன் கொடி காட்டுவதை நிறுத்தினால் தேவலை, என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்” என்று காலிங்வுட் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். இதை அடுத்து ஏறியது 16-ஆம் எண்: ‘எதிரியை இன்னும் நெருங்கித் தாக்கு’. நமக்குக் கேட்டால் அன்று வேலைக்கு ஆன கொடி அதுதான்.

நெல்சன் ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருப்பாரா?
– ஈரோடு வாசகர்

இல்லை. 1794-இல் கார்சிகா தீவின் கால்வி முற்றுகையில் வலக்கண் பார்வை போனது; ஆனால் கண் வெளித்தோற்றத்தில் முழுசாகவே இருந்தது. துணி கட்டியது பிற்காலத்து ஓவியர்களும் நாடகக்காரர்களும். வலக்கை போனது வேறு இடத்தில், 1797-இல் டெனரீஃப்பில்.

அந்தக் கண்ணின் பெயரால் வழங்கும் கோபன்ஹேகன் கடற்போர்க் கதையும் உண்டு. 1801 ஏப்ரல் 2-இல் மேலதிகாரி ஹைட் பார்க்கர் 39-ஆம் எண் கொடி, அதாவது ‘சண்டையை நிறுத்து’ என்று காட்ட, நெல்சன் குருட்டுக் கண்ணில் தொலைநோக்கியை வைத்து “எனக்குத் தெரியவில்லையே” என்றார் என்பது கதை. அந்த வசனம் எப்படியோ போகட்டும். அவர் தன் 16-ஆம் எண் கொடியை இறக்கவில்லை என்பது உண்மை. கீழ்ப்படிந்த சிறு கப்பல்களின் தலைவர் ரியோ, கப்பலைத் திருப்பிக் கோட்டைக்குப் பின்புறத்தைக் காட்டிய நேரத்தில் குண்டுபட்டுச் செத்தார். பின்புறம் பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் பின்வாங்குவது நின்று சுடுவதைவிட ஆபத்து.

வில்னவ் அவ்வளவு திறமையற்றவரா? ஏன் ஏமாந்தார்?
– மன்னார்குடி வாசகர்

ஏமாறவில்லை, அதுதான் பரிதாபம். நெல்சன் இணையாக வரமாட்டார், வரிசையை உடைத்துப் பின்பகுதியைச் சூழ்ந்துகொள்வார் என்று தன் கேப்டன்களுக்கு அவர் முன்பே எழுதியிருந்தார். நோய் தெரிந்தது, கையில் மருந்து இல்லை. ஸ்பானியக் கப்பல்களில் மாலுமிகள் பற்றாக்குறை. முந்தின ஆண்டுகளில் அந்தக் கரையோர ஊர்களில் மஞ்சள் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிருந்தது. படைவீரர்களையும் கடலே காணாதவர்களையும் ஏற்றி ஆள் கணக்கு காட்டினார்கள். கப்பல்களில் குறையில்லை, உலகிலேயே பெரிய போர்க்கப்பலான, நான்கு தளம் கொண்ட ‘சாந்திசிமா திரினிதாத்’ அவர்களிடம்தான் இருந்தது.

வில்னவ் 1798-இல், நெல்சன் பிரெஞ்சுப் படையை நொறுக்கிய நைல் போரில் பின்வரிசையில் இருந்து தப்பியவர். நெல்சன் ஒருமுறை என்ன செய்தார் என்று கண்ணால் பார்த்தவர். தன் இடத்துக்கு ரோசிலி என்ற வேறு அட்மிரல் வருகிறார் என்ற செய்தியும் எட்டியது. நெப்போலியன் முன்னால் கைகட்டி நிற்பதைவிடக் கடலுக்குப் போவதே மேல் என்று 19-ஆம் தேதி புறப்பட ஆரம்பித்தார்.

நாங்கள் பிழை என்று சொல்லக்கூடியது ஒன்று. போர் நாள் காலை 8 மணிக்கு, மொத்தப் படையையும் காடிஸை நோக்கித் திரும்பச் சொன்னார். தோற்றால் ஒதுங்கத் துறைமுகம் பக்கத்தில் இருக்கட்டும் என்ற நினைப்பு. மெல்லிய காற்றில், புரளும் அலையில், பழக்கமில்லாத ஆட்களோடு 33 கப்பல்கள் திரும்ப இரண்டு மணி நேரம் பிடித்தது. முடிந்தபோது வரிசை நேர்க்கோடாக இல்லை. பிறைபோல் வளைந்து, சில இடங்களில் இரண்டு மூன்று கப்பல் ஒட்டியும் சில இடங்களில் பெரிய இடைவெளியுமாக இருந்தது. நெல்சன் நுழைய வாசலைத் திறந்து வைத்தது மாதிரி. ஓட்டத்துக்கு முகம் திரும்பிய படையின் மனநிலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

விருதுகளை மார்பில் குத்திக்கொண்டு மேல்தளத்தில் நின்றது வீண் பகட்டல்லவா? அதனால்தானே சுட்டார்கள்?
– திருவாரூர் வாசகர்

அவர் அன்று போட்டிருந்தது விழாக்கால உடையல்ல. தினமும் போடுகிற கடற்படைக் கோட்டு. நான்கு விருதுகளின் நட்சத்திரங்கள் அதில் சரிகையில் தைக்கப்பட்டிருந்தன. கழற்றி வைக்கிற பதக்கங்கள் அல்ல. தோளில் ஓட்டையோடு அந்தக் கோட்டு இன்றும் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாற்றியிருக்கலாமே என்றால், மாற்றியிருக்கலாம்தான். கேப்டனும் அட்மிரலும் மேல்தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நடப்பது அன்றைய முறை. பகட்டு அவரிடம் தாராளமாக உண்டு என்பதையும் மறுக்கவில்லை.

சுட்டவன் நட்சத்திரத்தைப் பார்த்துச் சுட்டானா என்பது சந்தேகம். சூழ்நிலையைப் பாருங்கள். ‘ரெடூட்டபிள்’ என்ற பிரெஞ்சுக் கப்பலோடு விக்டரி பின்னிக்கொண்டது. அதன் கேப்டன் லூகாஸ், துறைமுகத்தில் முடங்கிய காலத்தில் பீரங்கியை விட்டுவிட்டுத் தன் ஆட்களைத் துப்பாக்கியிலும் கையெறி குண்டிலும் எதிரிக் கப்பலுக்குள் தாவுவதிலும் பழக்கியிருந்தார். அந்தப் படையில் யோசித்து ஒரு காரியம் செய்தவர் அவர்தான் என்போம். பாய்மர உச்சிப் பரண்களில் துப்பாக்கிக்காரர்கள். நெல்சனோ, துப்பாக்கிப் பொறி பாயில் பற்றிவிடும் என்று தன் பரண்களில் ஆள் ஏற்ற மாட்டார். ஆகவே மேலிருந்து ஒருபக்கமாகவே மழை பொழிந்தது. பகல் ஒன்றேகால் மணி அளவில் ஒரு சன்னம் இடத்தோளில் புகுந்து முதுகெலும்பில் நின்றது. அந்தப் புகையில் குறிபார்த்து அடித்ததாகச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

அதே நேரம் கீழ்த்தளத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டு கப்பலும் விலா ஒட்டி நின்றன. ரெடூட்டபிளின் அந்தப் பக்கம் பிரிட்டிஷ் கப்பல் ‘டெமரேர்’ ஒட்டிவிட்டது. முழு மருந்து போட்டுச் சுட்டால் குண்டு எதிரியைத் துளைத்து அப்பால் நிற்கும் நம் கப்பலில் பாயும். அதனால் விக்டரிக்காரர்கள் மருந்தைக் குறைத்து, குண்டை மூன்றாக்கி, பீரங்கி வாயைத் தாழ்த்திச் சுட்டார்கள். எதிரியின் மரத்தில் தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து எரியும். ஆகவே ஒவ்வொரு பீரங்கிக்கும் ஓர் ஆள் வாளித் தண்ணீரோடு நின்று, சுட்டவுடன் எதிரிக் கப்பலின் ஓட்டைக்குள் தண்ணீர் வீசினான். எதிரியைச் சுடுவதும் அவன் வீட்டுத் தீயை அணைப்பதும் ஒரே ஜன்னல் வழியே. லூகாஸ் சரணடையும்போது அவரது 643 பேரில் 522 பேர் செத்தோ காயப்பட்டோ இருந்தார்கள்.

நெல்சன் விழுந்தபிறகு போரை நடத்தியது யார்? கடைசியில் ஏன் பிடித்த கப்பல்களை இழந்தார்கள்?
– காரைக்கால் வாசகர்

யாரும் நடத்தவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அக்டோபர் 9-ஆம் தேதியே நெல்சன் திட்டத்தை எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு முன், செப்டம்பர் 28-இல் படையோடு சேர்ந்தவுடன், கேப்டன்களை இரண்டு நாளாகப் பிரித்து விருந்துக்கு அழைத்து வாய்மொழியாகவும் விளக்கியிருந்தார். இரண்டாம் வரிசை முழுக்கக் காலிங்வுட்டின் பொறுப்பு. கொடி தெரியாவிட்டால், தன் கப்பலை ஓர் எதிரிக் கப்பலின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற கேப்டன் பெரிய தப்பு எதுவும் செய்துவிட முடியாது. புகை சூழ்ந்தபின் கொடி தெரியாது என்பதை அவர் முதலிலேயே ஏற்றுக்கொண்டு எழுதிய திட்டம் அது. அதனால் ஒன்றேகால் மணிக்கு அவர் விழுந்ததும் சண்டை தடுமாறவில்லை. பல கேப்டன்களுக்கு மாலைவரை செய்தியே தெரியாது. நாலரை மணி அளவில் இறந்தார். பொறுப்பு காலிங்வுட்டுக்கு வந்தது.

நங்கூரம் பற்றித்தான் சர்ச்சை. வரப்போகும் புயலை அலையில் படித்த நெல்சன், இறக்கும்போதும் விக்டரியின் கேப்டன் ஹார்டியிடம் நங்கூரம் போடச் சொன்னார். காலிங்வுட் அன்று மாலை அதைப் பின்பற்றவில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. பல கப்பல்களில் நங்கூரமும் வடமும் குண்டடிபட்டிருந்தன. ‘பெலைல்’ போன்றவற்றில் ஒரு பாய்மரம்கூட நிற்கவில்லை. காற்று கரையை நோக்கித் தள்ளும் இடத்தில் வடம் அறுந்தால் கப்பல் பாறைக்குப் போகும். ஆனாலும் ‘டிஃபென்ஸ்’ தான் பிடித்த ‘சான் இல்டிஃபோன்சோ’வோடு நங்கூரம் போட்டு நின்றது, இரண்டும் பிழைத்தன. அதற்கடுத்த நாட்களில் புயல் வெறியாட்டம் ஆடியது. காடிஸிலிருந்து 23-ஆம் தேதி துணிந்து வெளியே வந்த பிரெஞ்சுக் கேப்டன் கோஸ்மாவோ இரண்டு ஸ்பானியக் கப்பல்களை மீட்டார். சாந்திசிமா திரினிதாத் மூழ்கியது. பிடித்த 17-இல் ஜிப்ரால்டர் போய்ச் சேர்ந்தவை நான்கே. காயம்பட்டுக் கீழ்த்தளத்தில் கிடந்த கைதிகள் பலர் அந்தக் கப்பல்களோடு போனார்கள். வெற்றி விழாப் படங்களில் இது வராது.

டிரஃபால்கர்தான் நெப்போலியனின் இங்கிலாந்துப் படையெடுப்பைத் தடுத்தது, சரியா?
– தஞ்சாவூர் வாசகர்

பாடப்புத்தகம் அப்படிச் சொல்லும். தேதி ஒத்துவரவில்லை. ஆங்கிலக் கால்வாய்க் கரையில் முகாமிட்டிருந்த தன் படையை நெப்போலியன் ஆகஸ்ட் கடைசியிலேயே ஆஸ்திரியாவை நோக்கித் திருப்பிவிட்டார். டிரஃபால்கருக்கு முந்தின நாள், அக்டோபர் 20-இல், உல்ம் நகரில் ஆஸ்திரியப் படை அவரிடம் சரணடைந்துகொண்டிருந்தது. மறுபடி அப்படி ஒரு முயற்சிக்குக் கடல் வழி இல்லாமல் போனது என்பதே டிரஃபால்கரின் பலன்.

நெல்சனுக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– சென்னை, ராயபுரம் வாசகர்

உங்கள் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறார். ‘சீஹார்ஸ்’ என்ற கப்பலில் 1774 மே 25-இல் மதராஸ் சேர்ந்தபோது அவருக்கு வயது 15. அப்போது மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரை சேர்ந்த காலம். அடுத்த ஆண்டு, கம்பெனியின் பணத்தை பம்பாய்க்கு ஏற்றிக்கொண்டு போகையில், பிப்ரவரி 19-இல் ஹைதர் அலியின் இரண்டு கப்பல்கள் தாக்க வந்தன. கொஞ்ச நேரக் குண்டு பரிமாற்றத்துக்குப் பின் அவை விலகின. நெல்சன் முதன்முதலாகப் பார்த்த சண்டை அதுதான். 1776-இல் மலேரியா அடித்து, பிழைப்பாரா என்ற நிலையில் ஊருக்கு அனுப்பப்பட்டார்.

நைல் போரில் ஜெயித்தவுடன், “பிரெஞ்சுக் கப்பற்படை ஒழிந்தது, இந்தியாவுக்கு ஆபத்தில்லை” என்று பம்பாய்க்குத் தரைவழியாக ஓர் அதிகாரியை அனுப்பினார். திப்புவுக்கு பிரெஞ்சு உதவி வருமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, 10,000 பவுண்டு கொடுத்து நன்றி சொன்னது.

உடலை ரம் பீப்பாயில் வைத்து அனுப்பினார்களாமே?
– கடலூர் வாசகர்

ரம் அல்ல, பிராந்தி. அடக்கம் 1806 ஜனவரி 9, லண்டன் செயின்ட் பால் பேராலயம்.

நண்பர்களோடு மேசையில் அட்டைக் கப்பல்கள் வைத்து டிரஃபால்கர் ஆடுகிறோம். நெல்சன் தரப்பு எடுத்தால் ஒவ்வொரு முறையும் முதல் மூன்று கப்பல் நொறுங்கி, தோற்றுவிடுகிறேன். எங்கே தப்பு?
– கோவை வாசகர்

இரு தரப்புக்கும் ஒரே சுடும் வேகம் வைத்திருப்பீர்கள். எதிரி ஒருமுறை சுட்டால் நீங்கள் இருமுறை என்று மாற்றுங்கள். நீங்கள் நெருங்கும் கட்டத்தில் எதிரியின் குறியை அலைக்காகப் பாதியாகக் குறையுங்கள். பட்டதில் பெரும்பகுதி பாய்க்குப் போகட்டும். பின்புறத்தில் விழும் குண்டுக்கு விலாவில் விழுவதைவிடக் குறைந்தது மூன்று மடங்கு சேதம் கொடுங்கள். எதிரி வரிசையை ஸ்கேல் வைத்து நேராக அடுக்காதீர்கள். பிறையாக வளைத்து, இடைவெளி விடுங்கள்.

உங்கள் பக்கமும் ஒரு தப்பு இருக்கலாம்: வரிசையில் முதல் கப்பல் தனியாக முந்திப் போகிறதா என்று பாருங்கள். காலிங்வுட்டின் ‘ராயல் சாவரின்’ புதிதாகச் செப்புத்தகடு அடித்த கப்பல். அடியில் பாசியும் கொட்டலசும் இல்லாததால் மற்றவற்றை விட்டு வெகுவாக முந்திப்போய், துணை வரும்வரை நாலைந்து எதிரிகளிடம் தனியாக அடி வாங்கியது. நூறு பீரங்கிக் கப்பல் என்பதால் தாங்கியது. முன்னால் நிறுத்துவதற்கு மூன்று தளக் கப்பல்களையே தேர்ந்தெடுங்கள். நெல்சன் தன் வரிசையில் விக்டரிக்கு அடுத்தபடி 98 பீரங்கி டெமரேரை வைத்தது அதற்குத்தான். 74 பீரங்கிக் கப்பல் முன்னால் போனால் நொறுங்கத்தான் செய்யும்.

கடைசியாக, எதிரியின் முன்வரிசை. டுமனுவார் தலைமையில் போன பத்துக் கப்பல்களும் திரும்பு என்ற கொடியைப் பார்த்தபின்பும் காற்றில்லாமல் தவித்தன. சிலவற்றைப் படகு கட்டி இழுத்துத்தான் திருப்ப முடிந்தது. வந்து சேர்ந்தபோது சண்டை ஏறக்குறைய முடிந்திருந்தது. உங்கள் நண்பர் அந்தப் பத்தையும் இரண்டாவது முறையிலேயே திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறார் என்றால், உங்கள் மேசையில் காற்று அதிகம்.